மறையும் வேலைக்கு எழுத்தே சாட்சி

கட்டட வேலை ஒவ்வொரு கட்டத்திலும் தனக்கு முந்தைய கட்டத்தை மறைத்துக்கொண்டே வளர்கிறது. வானம் தோண்டிப் போட்ட அடித்தளத்தை மண் மூடுகிறது; கட்டிய கம்பியைக் காங்கிரீட் மூடுகிறது; கல்லையும் அதன் இடுக்கில் வைத்த சாந்தையும் பூச்சு மூடுகிறது; பூச்சில் தங்கிய குறையைப் பட்டியும் வண்ணமும் மூடுகின்றன. சாவி கைமாறும் நாளில் வீட்டுக்காரர் கண்ணால் பார்த்து ஏற்றுக்கொள்வது மேற்பரப்பை மட்டுமே. அவர் செலவிட்ட பணத்தில் பெரும்பங்கு, உடைத்தாலன்றிப் பார்க்க முடியாத இடங்களில் சேர்ந்திருக்கிறது. இதே மறைவு கட்டியவரையும் பாதிக்கிறது. இளகிய மண்ணைக் கண்டு, வரைபடத்தில் சொன்னதைவிட இரண்டடி ஆழமாகத் தோண்டி நிரப்பிய மேஸ்திரி, மண் மூடிய மறுநாள் தன் உழைப்புக்கு அடையாளமாக எதையும் காட்ட முடியாது. ஆகவே காங்கிரீட் மற்றும் கல்வேலை ஒப்பந்தக்காரருக்கும் சொத்தின் உரிமையாளருக்கும் இடையே எழுதப்படும் ஒப்பந்தம், பார்வையிலிருந்து மறையப்போகும் வேலையை அது மறையும் முன்பே இருவரும் சேர்ந்து பதிவுசெய்துகொள்ளும் கருவியாகும். தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் தன் சொந்த மனையில் கட்டிக்கொள்ளும் வீட்டை முன்வைத்து, அத்தகைய ஒப்பந்தத்தில் எவையெவை இடம்பெற வேண்டும், அவற்றுக்கான காரணங்கள் யாவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வாய்ச்சொல்லின் வலிமையும் வரம்பும்

ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பொதுவாக வற்புறுத்தவில்லை. ஒப்பந்தம் செய்யும் தகுதியுள்ளவர்கள், தம் விருப்பத்துடன், சட்டத்துக்கு உட்பட்ட ஒரு நோக்கத்துக்காக, உரிய பிரதிபலனைப் பேசி இணங்கினால் அது ஒப்பந்தமாகிவிடும் என்பது அச்சட்டத்தின் 10-ஆம் பிரிவு கூறுவதன் சாரம். எனவே வெற்றிலை பாக்கு மாற்றி, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்ததும் சட்டத்தின் பார்வையில் ஒப்பந்தமே. பேசிய விலையில் பெரும்பாலும் சச்சரவு எழுவதில்லை, ஏனெனில் அந்த எண் இருவர் நினைவிலும் ஒன்றாகவே இருக்கும். அந்த விலைக்குள் எவையெல்லாம் அடங்கும் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் வழக்கப்படி புரிந்துகொண்டிருப்பதால்தான் சச்சரவு எழுகிறது.

எழுத்தில் வந்துவிட்ட நிபந்தனைக்கு முரணாகவோ அதை மாற்றியோ வாய்மொழிச் சாட்சியம் சொல்வதைச் சில விதிவிலக்குகள் தவிர ஏற்பதில்லை என்பது, பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்திலிருந்து 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் வரை தொடர்ந்து வரும் விதி. இவ்விதி இருதரப்புக்கும் பொது என்பதால், கையெழுத்திடும் முன் தாளில் ஏறாமல் போன உறுதிமொழியைப் பின்னர் மீட்டெடுப்பது கடினம். ஆவணத்துக்கு உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்படாவிட்டால், குறைந்த தொகையும் அதற்கான அபராதமும் கட்டப்படும்வரை நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 1899-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம் கூறுகிறது. அது சரிசெய்துகொள்ளக்கூடிய குறையே தவிர ஆவணத்தைச் செல்லாததாக்கும் குறை அன்று என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியிருந்தாலும், கட்டுமான ஒப்பந்தத்துக்கு நடப்பிலுள்ள தீர்வை எவ்வளவு என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகு எழுதுவதே முறையாகும்.

விலை எந்த அளவுக்கு

வீட்டு வேலையில் மூன்று வகை ஒப்பந்தங்கள் வழக்கில் உள்ளன. பொருள்கள் அனைத்தையும் உரிமையாளரே வாங்கித் தர, ஒப்பந்தக்காரர் ஆள்களைக் கொண்டு வேலையை மட்டும் முடித்துத் தருவது லேபர் காண்ட்ராக்ட். பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு ஒரு விலை பேசுவது மெட்டீரியலுடன் கூடிய முழு ஒப்பந்தம். மண்வேலை, காங்கிரீட், கல்கட்டு, பூச்சு என ஒவ்வொன்றையும் தனியே அளந்து தனி விலை போடுவது ஐட்டம் ரேட். முதல் வகையில் பொருள் சேதாரத்தைப் பற்றியும், இரண்டாம் வகையில் பொருளின் தரத்தைப் பற்றியும், மூன்றாம் வகையில் அளவைப் பற்றியுமே பெரும்பாலான பிணக்குகள் எழுவதால், ஒப்பந்தமும் அந்தந்த இடத்தில்தான் மிகுந்த விரிவுடன் எழுதப்பட வேண்டும்.

சதுர அடி என்பது எதை உள்ளடக்கும் என்பது இவற்றில் முதலாவது. கீழ்த்தளம் 1,000 சதுர அடி, போர்டிகோ 120 சதுர அடி, மொட்டை மாடியில் படிக்கட்டின் மேலுள்ள ஹெட்ரூம் 80 சதுர அடி என்று ஒரு வீட்டைக் கொள்வோம். போர்டிகோவையும் ஹெட்ரூமையும் முழுப் பரப்பாகக் கணக்கிடுவதா, பாதிப் பரப்பாகக் கணக்கிடுவதா என்பது எழுதப்படாதிருந்து, பேசிய விலை சதுர அடிக்கு ரூ.2,500 என்று இருந்தால், இந்த ஒரு சொல்லின்மையால் மட்டும் ரூ.2,50,000 வேறுபடும். தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், கைப்பிடிச்சுவர், சன்ஷேட், லாப்ட் ஆகியவை சதுர அடி விலையில் அடங்குமா, அவற்றுக்குத் தனி விலையா என்பதையும் இவ்வாறே பெயர் சொல்லி எழுதிவிட வேண்டும்.

அளக்கும் முறைக்கு இந்தியத் தர நிர்ணய நிறுவனமான பி.ஐ.எஸ். வகுத்த ஐ.எஸ். 1200 என்ற தொகுதி உண்டு. பூச்சு வேலையில், அரைச் சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புகளுக்குக் கழிவே கிடையாது என்றும், அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்கு, இருபுறமும் ஒரே பூச்சாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழித்து, திறப்பின் உட்பக்க ஓரங்களைத் தனியே அளக்காமல் விட வேண்டும் என்றும் அது கூறுகிறது. 7 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள வாசலுக்கு இரு பக்கமும் சேர்த்து 42 சதுர அடியைக் கழிக்க வேண்டும் என்று உரிமையாளர் எண்ணுவதும், ஓரப் பூச்சுக்குச் செலவழித்த நேரத்தை எண்ணி எதையும் கழிக்கக் கூடாது என்று மேஸ்திரி வாதிடுவதும் வேலையிடங்களில் வழக்கமாக நிகழ்வன. 21 சதுர அடியை மட்டும் கழிக்கும் ஐ.எஸ். முறை இருவருக்கும் நடுவே ஒரு நியாயத்தை வைத்திருக்கிறது, அளவுகள் ஐ.எஸ். 1200-இன்படி எடுக்கப்படும் என்று ஒரே வரி எழுதினால் இத்தகைய பல பிணக்குகள் தொடங்காமலே தீரும்.

ஒரு சுவரின் நிபந்தனை

சுவர் தரமான கல்லைக் கொண்டு கட்டித் தரப்படும் என்ற வாசகம் பல ஒப்பந்தங்களில் காணப்படுகிறது. தரம் என்ற சொல்லுக்கு அளவுகோல் குறிக்கப்படாத இடத்தில் அந்த வாசகம் எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. ஹாலோ பிளாக் எனப்படும் உள்ளீடற்ற காங்கிரீட் கல்லுக்கும், சாலிட் பிளாக் எனப்படும் திடக் கல்லுக்கும் ஐ.எஸ். 2185 என்ற தர விதியின் முதல் பகுதி தெளிவான அளவுகோல்களை வகுத்துள்ளது. கட்டடத்தின் பாரத்தைச் சுமக்கும் சுவருக்கான ஏ வகை ஹாலோ பிளாக், சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டனில் தொடங்கி 4.5, 5.5, 7 என உயரும் சராசரி அழுத்த வலிமைகளில் வகைப்படுத்தப்படுகிறது; கல் உறிஞ்சும் நீர் அதன் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கல்லின் முகம் 390-க்கு 190 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் சாந்து இணைப்பையும் சேர்த்தால் 400-க்கு 200, அதாவது வழக்கில் 16-க்கு 8 அங்குலம் என்று சொல்லப்படும் அளவாகிறது.

கல்லின் வயது இவற்றைவிடவும் கூர்ந்து கவனிக்க வேண்டியது. வார்த்த கல்லைக் குறைந்தது 14 நாள் ஈரத்தில் வைத்துப் பதப்படுத்திய பின், மேலும் 4 வாரம் உலரவிட்ட பிறகே வேலைக்கு எடுக்க வேண்டும் என்கிறது அவ்விதி. காங்கிரீட் உலரும்போது சுருங்கும் இயல்புடையது என்பதால், அந்தச் சுருக்கம் கல் அடுக்கப்பட்டிருக்கும் களத்திலேயே நிகழ்ந்து முடிந்துவிட வேண்டும். பச்சைக் கல்லை எடுத்துச் சுவர் எழுப்பினால் சுருக்கம் சுவருக்குள் நிகழ்ந்து, இணைப்புகளின் வழியே படிக்கட்டு வடிவில் விரிசல் ஏறும். செங்கல்லை நீரில் ஊறவைத்துக் கட்டிப் பழகிய கை, காங்கிரீட் கல்லையும் அவ்வாறே நனைப்பது உண்டு. காங்கிரீட் கல் கட்டுவதற்கான ஐ.எஸ். 2572 நடைமுறை விதியோ, கல்லை நனைக்கத் தேவையில்லை, வெப்பம் மிகுந்த இடத்தில் மேற்பரப்பையும் பக்கத்தையும் இலேசாக ஈரப்படுத்தினால் போதும் என்று அறிவுறுத்துகிறது.

இந்த அறிவு ஒப்பந்தத்தில் ஏறும்போது அதன் வாசகம் ஏறத்தாழ இவ்வாறு அமையும்: “வெளிச்சுவர் 8 அங்குல ஹாலோ பிளாக்கால் கட்டப்படும். கல் ஐ.எஸ். 2185 முதல் பகுதியின் ஏ வகையைச் சேர்ந்ததாகவும், சராசரி அழுத்த வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 4.5 நியூட்டனுக்குக் குறையாததாகவும், 14 நாள் நனைத்து 4 வாரம் உலர்த்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும். கல் வார்த்த தேதியை உற்பத்தியாளரின் பில்லில் குறித்து வாங்க வேண்டும். சாந்து 1 பங்கு சிமென்டுக்கு 6 பங்கு எம்-சாண்ட். இணைப்பின் தடிமன் 10 மில்லிமீட்டர். செங்குத்து இணைப்புகளும் சாந்தால் முழுமையாக நிரப்பப்பட வேண்டும். உரிமையாளர் வந்திறங்கிய கற்களிலிருந்து தம் விருப்பப்படி 8 கற்களை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கல் தேறினால் சோதனைச் செலவு உரிமையாளருடையது, தேறாவிட்டால் செலவும் கல்லைத் திருப்பி அனுப்பும் பொறுப்பும் ஒப்பந்தக்காரருடையவை.” வீட்டின் வடிவமைப்பைப் பொறுத்துப் பொறியாளர் இந்த எண்களை மாற்றக்கூடும், எண்ணும் சோதனையும் விளைவும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதுதான் இவ்வாசகத்தின் பலம்.

லேபர் காண்ட்ராக்டில் இதே கணக்கு சேதாரத்துக்கும் பயன்படும். 16-க்கு 8 அங்குலக் கல் ஒன்று சுவரில் ஏறக்குறைய 0.89 சதுர அடியை அடைப்பதால், 100 அடி நீளமும் 5 அடி உயரமும் உள்ள சுற்றுச்சுவருக்கு 563 கற்கள் தேவைப்படும். உடைப்புக்காக இதற்கு மேல் எத்தனை விழுக்காடு வரை ஏற்கப்படும் என்று முன்பே குறித்துக்கொண்டால், கல் வீணாகிவிட்டது என்ற குறையும் கல் பற்றவில்லை என்ற குறையும் எழ இடமிராது.

மூடும் முன் ஒரு பார்வை

காங்கிரீட்டுக்கான அடிப்படை விதி ஐ.எஸ். 456, அதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. கம்பி வைத்துப் போடும் காங்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் எம்-20. 28 நாள் வயதில் 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டியைச் சோதித்தால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கும் வலிமையை அந்த எண் குறிக்கிறது. சிறு வேலைகளில் ஒரு பங்கு சிமென்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற விகிதத்தில் இது கலக்கப்படுகிறது. இவ்வகைக் கலவையில் 50 கிலோ சிமென்டு மூட்டை ஒன்றுக்குச் சேர்க்கும் நீர் 30 லிட்டருக்கு மேற்படக் கூடாது என்று விதி வரையறுத்திருந்தாலும், கலவை எளிதில் ஓடிப் பரவ வேண்டும் என்பதற்காக நீரைக் கூட்டும் பழக்கம் வேலையிடங்களில் பரவலாக உள்ளது. மிகையான நீர் பின்னர் ஆவியாகி வெளியேறிய இடமெல்லாம் நுண்துளைகளாகி வலிமையைக் குறைக்கிறது. கம்பிக்கும் காங்கிரீட்டின் புறப்பரப்புக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியான கவர், அடித்தளத்தில் 50 மில்லிமீட்டரும் தூணில் 40 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். அது குறைந்தால் ஈரம் கம்பியை எட்டித் துருப்பிடிக்கச் செய்யும்.

இவை அனைத்தும் காங்கிரீட் கொட்டிய பிறகு கண்ணுக்கு எட்டாதவை. இதற்காகவே, பன்னாட்டு ஆலோசகப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்டுள்ள பெருந்திட்ட ஒப்பந்தப் படிவங்களில், சோதிக்க வாய்ப்பளிக்காமல் எந்த வேலையையும் மூடக் கூடாது என்ற நிபந்தனை நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. அணைக்கும் மேம்பாலத்துக்கும் எழுதப்படும் அந்த நிபந்தனையைச் சிறிய வீட்டுக்கும் எழுத முடியும். வானம் தோண்டி முடித்து அடிக்காங்கிரீட் போடும் முன், அடித்தளத்திலும் தூணிலும் தளத்திலும் கம்பி கட்டி முடித்துக் காங்கிரீட் கொட்டும் முன், சுவருக்குள் மின்குழாயும் தண்ணீர்க்குழாயும் பதித்துப் பூச்சு பூசும் முன், கழிப்பறையிலும் மொட்டை மாடியிலும் நீர்க்காப்புப் பூச்சுக்கு மேல் ஓடு பதிக்கும் முன் என்று நான்கு இடங்களில் வேலை நிற்க வேண்டும். ஒப்பந்தக்காரர் 24 மணி நேரத்துக்கு முன் தகவல் தர வேண்டும். உரிமையாளரோ அவருடைய பொறியாளரோ வந்து பார்த்து ஒரு குறிப்பேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். தகவல் தந்தும் எவரும் வராவிட்டால் டேப் வைத்துப் படமெடுத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். தகவல் தராமல் மூடிவிட்டால், கேட்கும்போது தம் செலவில் திறந்து காட்ட வேண்டும். உரிமையாளரின் தாமதத்தால் ஆள்கள் கைகட்டி நிற்கும் நிலையிலிருந்து மேஸ்திரியையும், தெரியாமல் மூடப்படும் குறையிலிருந்து உரிமையாளரையும் இந்த ஏற்பாடு காக்கிறது.

நீராற்றல் எனப்படும் கியூரிங் யாருடைய வேலை என்பது தனி வரியில் எழுதத் தகுந்தது. சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமென்டுக்கும் வெப்பமும் வறட்சியும் மிகுந்த சூழலுக்கும் குறைந்தது 10 நாளும் காங்கிரீட்டை ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. லேபர் காண்ட்ராக்டில், தண்ணீர் காட்டுவது வீட்டுக்காரர் வேலை என்று கொத்தனாரும், கூலியில் அதுவும் சேர்த்தி என்று வீட்டுக்காரரும் எண்ணிக்கொண்டு இருவரும் விட்டுவிட, விரிசல் தோன்றிய பின் ஒருவரை ஒருவர் குறை சொல்வது மிகப் பழகிய காட்சி. சென்ட்ரிங் பிரிக்கும் நாளையும் இவ்வாறே குறிக்கலாம்: தளத்தைத் தாங்கும் முட்டுகளை 4.5 மீட்டர் வரையிலான அகலத்துக்கு 7 நாளுக்கு முன்பும், அதற்கு மேற்பட்ட அகலத்துக்கு 14 நாளுக்கு முன்பும் எடுக்கக் கூடாது என்பது சாதாரண சிமென்டுக்கு விதி தரும் கணக்கு.

பணமும் சனிக்கிழமையும்

பணம் கொடுக்கும் ஒழுங்கு ஒரே அடிப்படையில் அமைய வேண்டும்: கொடுத்த பணம் முடிந்த வேலையைவிட வெகுதூரம் முன்னே போய்விடவும் கூடாது, வெகுதூரம் பின்தங்கவும் கூடாது. முன்னே போனால் வேலையை விட்டுச் செல்பவரைத் தடுக்க உரிமையாளர் கையில் எதுவும் இராது. பின்தங்கினால், சனிக்கிழமை மாலை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரக் கூலி தர வேண்டிய மேஸ்திரி வட்டிக்கு வாங்கி, அந்த வட்டியைச் சிமென்டிலோ கம்பியிலோ ஈடுகட்டும் நெருக்கடிக்குத் தள்ளப்படுவார். ஆகவே முன்பணம், பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு, தரை, இறுதி வேலை என்ற வழக்கமான தவணைகளை, தேதியைக் கொண்டு குறிக்காமல் முடிந்த வேலையைக் கொண்டு குறித்து, ஒவ்வொரு தவணைக்கும் முடிந்த வேலை என்றால் என்ன என்பதையும் விளக்கிவிட வேண்டும். ரூஃப் என்பது காங்கிரீட் கொட்டிய நாளா, சென்ட்ரிங் பிரித்த நாளா என்ற ஒரே கேள்விக்கு ஓரிரு வார இடைவெளி உண்டு. மொத்தத் தொகையில் ஒரு சிறு பங்கைப் பிடித்தமாக வைத்திருந்து, ஒரு மழைக்காலம் கடந்த பின் விடுவிப்பது என்று இருவரும் இணங்கினால், ஒழுகலைச் சரிசெய்ய ஒப்பந்தக்காரர் திரும்பி வருவதற்கு உறுதி கிடைக்கும்.

சரக்கு மற்றும் சேவை வரியும் முன்பே பேசப்பட வேண்டியது. குடியிருப்புத் தொகுப்பில் சேராத தனி வீட்டுக்குக் கூலியை மட்டும் கொண்ட ஒப்பந்தத்துக்கு இவ்வரியிலிருந்து விலக்கு உண்டு. பொருளும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு, ஒப்பந்தக்காரர் பதிவுபெற்றவராக இருந்தால், வரி சேரும். பேசிய சதுர அடி விலை அவ்வரியை உள்ளடக்கியதா இல்லையா என்பது தாளில் இல்லாவிட்டால், கடைசித் தவணையின்போது பெரிய தொகை ஒன்று எதிர்பாராமல் எழுந்து நிற்கும்.

கூடுதல் வேலையும் காலமும்

வீடு வளரும்போது விருப்பங்களும் வளர்வது இயல்பு. இங்கே ஓர் அலமாரி, அங்கே ஒரு ஜன்னல், பூஜையறைக்கு ஒரு வளைவு என்று வாய்வார்த்தையாகச் சொன்னவை யாவும் கடைசியில் ஒரே பட்டியலாக வந்து சேரும். இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்து தந்ததை மற்றவர் ஏற்றுப் பயனடைந்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு. மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் என்ற ஒப்பந்த நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், அதிகாரிகளின் கேட்பின் பேரில் முறையான ஒப்பந்தம் இன்றிக் கட்டித் தரப்பட்டு அரசு பயன்படுத்திக்கொண்ட கட்டடங்களுக்கு இப்பிரிவின்படி தொகை தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த ஈட்டின் அளவை நீதிமன்றம் தீர்மானிக்கும்வரை காத்திருப்பதைவிட, என்ன வேலை, எவ்வளவு தொகை, எத்தனை நாள் கூடும் என்ற மூன்றையும் வேலை தொடங்கும் முன் குறிப்பேட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது எளிது.

காலத்தைப் பொறுத்தவரை, கட்டட ஒப்பந்தத்தில் முடிவு தேதி எழுதப்பட்டிருந்தாலும் அதை நீட்டிக்கவும் தாமதத்துக்குத் தொகை கழிக்கவும் இடம் வைக்கப்பட்டிருந்தால், காலம் ஒப்பந்தத்தின் உயிர்நாடியாகக் கருதப்பட்டதாகக் கொள்ள முடியாது என்று 1979-இல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று எழுதிய தொகையும் தானாகவே முழுமையாகக் கிடைத்துவிடாது. 74-ஆம் பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்பு, அதற்குட்பட்ட நியாயமான ஈடே கிடைக்கும். எனவே மிரட்டும் அளவுக்குப் பெரிய தொகையை எழுதுவதால் பயனில்லை. உரிமையாளர் வேறிடத்தில் செலுத்தும் மாத வாடகையைப் போல, உண்மையான இழப்போடு ஒட்டிய தொகை நிலைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆள்கள் ஊருக்குச் செல்லும் நாள்கள், எம்-சாண்ட் தட்டுப்பாடு, உரிமையாளரின் தவணைத் தாமதம் ஆகியவற்றுக்கு எத்தனை நாள் நீட்டிப்பு என்பதையும் உடன் எழுதினால் அந்தத் தேதி மெய்யான தேதியாக இருக்கும். சாரம், மிக்சர், வைப்ரேட்டர், தற்காலிக மின் இணைப்பு ஆகியவற்றை யார் தருவது என்பதோடு, சாரத்திலிருந்து விழுந்து காயமுறும் தொழிலாளிக்கான காப்பீட்டை யார் எடுப்பது என்பதும் எழுதப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத அந்த மனிதரின் உயிரும் அதன் பொறுப்புக்குள்தான் இருக்கிறது.

வீடு முடிந்த பிறகு

கட்டியவரின் பொறுப்பு சாவி தந்த நாளோடு முடிவதில்லை என்ற எண்ணம் மிகப் பழமையானது. கட்டிய சுவர் சரியும் நிலை தோன்றினால் கட்டியவரே தம் செலவில் அதை உறுதியாக்க வேண்டும் என்று சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாபிலோனின் ஹம்முராபி சட்டத்தொகுப்பு கூறுகிறது. 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் பத்தாண்டுப் பொறுப்பை விதித்தது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா, கட்டமைப்புக் குறைக்கு 5 ஆண்டுப் பொறுப்பை விதித்தாலும், அது அடுக்ககம் கட்டி விற்கும் புரமோட்டரை நோக்கியது. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்து வீடு கட்டுபவருக்கு அப்பாதுகாப்பு கிடைக்காது. ஆகவே விரிசலுக்கும் ஒழுகலுக்கும் எத்தனை மாதம், கட்டமைப்புக் குறைக்கு எத்தனை ஆண்டு என்ற பொறுப்புக் காலத்தை ஒப்பந்தமே தந்தாக வேண்டும்.

பிணக்கு முற்றினால் வழிகள் இருவருக்கும் ஒன்றாக இல்லை. வீடு கட்டித் தருவதும் சேவையே என்று 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது; 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவை என்ற வரையறைக்குள் பெயர் சொல்லிச் சேர்த்துள்ளது. உரிமையாளர் குறை எழுந்த 2 ஆண்டுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஒப்பந்தக்காரருக்கு இந்த வழி இல்லை. வர வேண்டிய தொகைக்கு அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். அங்கே, எழுத்து ஒப்பந்தத்தின்படி நிச்சயிக்கப்பட்ட தொகை நிலுவையில் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளைப்படி சுருக்க வழக்கு தொடரும் வாய்ப்பு உண்டு. வாய்மொழி ஒப்பந்தத்துக்கு அது இல்லை. எழுத்து வீட்டுக்காரரின் நன்மைக்காக மட்டும் கேட்கப்படுவது என்ற எண்ணம் கட்டடத் தொழிலில் உள்ளது. சட்டத்தின் அமைப்பைப் பார்த்தால், எழுத்தில்லாமல் அதிகம் இழப்பவர் ஒப்பந்தக்காரரே என்பது விளங்கும். வேலை பாதியில் நின்றால், அடுத்த மேஸ்திரி கை வைக்கும் முன் எழுத்து மூலம் அறிவிப்புத் தந்து, பொதுவான பொறியாளர் ஒருவரைக் கொண்டு இருவர் முன்னிலையிலும் அளந்து பதிவுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் தேவை. புதிய வேலை பழைய வேலையை மூடிவிட்டால் இருவர் கணக்கும் அதோடு மறைந்துவிடும்.

சில நாடுகள் இவற்றைத் தனிமனிதரின் முன்னெச்சரிக்கைக்கு விட்டுவிடவில்லை. நியூசிலாந்தில் 2015 முதல், 30,000 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள குடியிருப்புக் கட்டட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். வேலை முடிந்து 12 மாதத்துக்குள் சொல்லப்படும் குறைகளைக் கட்டியவர் சரிசெய்து தர வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தத்தில் வாங்கும் முன்பணம் 1,000 டாலர் அல்லது மொத்தத் தொகையில் 10 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்துள்ளது. இங்கே அரசுப் பணிகளுக்கு நிலையான ஒப்பந்தப் படிவங்கள் உள்ளன. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டும் குடும்பத்துக்கும், அதைக் கட்டித் தரும் மேஸ்திரிக்கும் கைக்கெட்டும் பொதுப் படிவம் இல்லை. பொறியாளர் சங்கங்களும் கட்டடத் தொழிலாளர் சங்கங்களும் ஒன்றாக அமர்ந்தால், அளவு முறை, கல்லின், காங்கிரீட்டின் தரம், மூடும் முன் நிற்கும் இடங்கள், தவணை, கூடுதல் வேலை, பொறுப்புக் காலம் ஆகிய ஆறையும் எளிய தமிழில் நான்கு பக்கத்துக்குள் அடக்கிய மாதிரி ஒப்பந்தம் ஒன்றை உருவாக்க முடியும். வீட்டுக் கடன் தரும் வங்கிகள், மதிப்பீட்டைக் கேட்பதைப் போல இதையும் கேட்கத் தொடங்கினால், சட்டம் வரும்வரை காத்திராமலே அது வழக்கமாகிவிடும். அதுவரை, கட்ட நினைப்பவரும் கட்டித் தருபவரும் வானம் தோண்டும் நாளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, இந்த ஆறையும் பேசி எழுதிக் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது, அந்த வீட்டுக்கு இருவரும் சேர்ந்து போடும் முதல் அடித்தளமாக அமையும்.